அத்தியாயம் 9: கடல்நீர்த் தொட்டியும் தாமிர மருந்தும்

கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, வைகைக்கு வடக்கே மல்லிகைத் தோட்டங்களும் திராட்சைப் பந்தல்களும் சூழ்ந்த நிலக்கோட்டையில், சென்னைக் கொளத்தூரிலிருந்து பிராணவாயு நிரப்பிய பைகளில் ரயிலேறிக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் வந்திறங்கிய கோமாளி மீன்களைக் கூடத்துக் காட்சித் தொட்டியில் விட்டு மகிழ்ந்திருக்கும் ஒருவர், ஒரு வாரம் சென்று அவற்றின் துடுப்புகளில் உப்பைத் தூவினாற்போல் வெண்புள்ளிகளைக் காண்பாரானால், அவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் “தாமிரம் போடுங்கள்” என்பதாகவே இருக்கும். யோசனையில் பிழையில்லை, ஆனால் எங்கே போடுவது, எவ்வளவு போடுவது, எத்தனை நாள் நிறுத்தி வைப்பது, பிறகு எப்படி வெளியேற்றுவது என்ற நான்கையும் சொல்லாமல் விட்டால், அந்த யோசனையே மீன்களுக்கு நோயைவிடப் பெரிய ஆபத்தாக முடியும்.

நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தாமிரம் அந்நியமான வஸ்து அல்ல. திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் போர்டோ கலவையில் 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம் சேருகிறது. கடல்மீனின் சிகிச்சைக்கு வேண்டிய துத்தமோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. முன்னது பின்னதைப் போலப் பன்னிரண்டாயிரம் மடங்குக்கு மேல். தோட்டத்துக் கைப்பழக்கத்தைத் தொட்டிக்குக் கொண்டுவரலாகாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எந்த நோய்க்கு, எப்படி

தாமிரம் இரண்டு நோய்களுக்கே முக்கியமாகப் பயன்படுகிறது. ஒன்று, கிரிப்டோகேரியான் என்னும் நுண்ணுயிரியால் வரும் கடல் வெண்புள்ளி நோய். மற்றது, அமைலூடினியம் என்பதால் வரும் வெல்வெட் நோய். இதில் புள்ளிகள் தனித்தனியே தெரியாமல், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் மீனின் மேல் பொன்னிறப் பொடி படிந்திருப்பது போலத் தோன்றும், மீன் மூச்சுக்குத் தவித்து ஓரிரு நாளிலேயே இறந்துவிடவும் கூடும். இந்த இரண்டாவது நோய்க்குத் துத்தத்தைப் பிரயோகிக்கும் முறையை, சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சி சாலையைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர் 1955-ல் எழுதி வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதுவே.

இவ்விரு உயிரிகளுக்கும் மூன்று அவஸ்தைகள் உண்டு: மீனின் தோலிலும் செவுளிலும் பற்றியிருப்பது, கீழே விழுந்து கூடு கட்டிக்கொண்டு பெருகுவது, கூட்டை உடைத்து வெளிவந்து அடுத்த மீனைத் தேடி நீந்துவது. தாமிரம் கொல்லுவது மூன்றாவதை மட்டுமே. ஆகவே மருந்து போட்ட மறுநாளும் புள்ளிகள் இருப்பதைக் கண்டு அளவைக் கூட்டுவதும், நான்காம் நாள் புள்ளிகள் மறைந்ததைக் கண்டு மருந்தை நிறுத்துவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள்.

கோமாளி மீன்களுக்கு வரும் புரூக்லினெல்லா என்ற சளி நோய்க்குத் தாமிரம் பயன்படாது. தோல் வெளுத்து, சளி படலமாக உரியுமாயின் அதைச் சந்தேகியுங்கள். துடுப்பில் காலிபிளவரைப் போல் கட்டி திரளும் நோய் ஒரு வைரஸால் வருவது. அதற்கும் தாமிரம் வீண்.

காட்சித் தொட்டியில் ஏன் போடக்கூடாது

தாமிரம் முதுகெலும்பற்ற பிராணிகளுக்குக் கொடிய விஷம். பவளம், கடற்சாமந்தி, இறால், சந்நியாசி நண்டு, சங்கு, நட்சத்திர மீன் யாவும் மீன் தாங்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே மடியும். இறாலின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே தாமிரம் கொண்ட ஒரு பொருள்தான் என்பது இயற்கையின் விசித்திரம். உடலுக்குள் அது உயிர்நாடியாயினும், வெளியே நீரில் கரைந்து வரும்போது காலனாகிறது.

இரண்டாவது காரணம் இதைவிட ஏமாற்றுவது. தொட்டியின் அடியில் பரப்பிய பவளமணலும் சிப்பித்தூளும் உயிர்ப்பாறையும் சுண்ணாம்புப் பொருள்கள். கரைந்த தாமிரத்தை அவை தம்முள் ஈர்த்துக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த அளவு மாலையில் இறங்கிப்போகும். மறுபடி ஊற்றினால் மறுபடி இறங்கும். இவ்விதம் பாறைக்குள் சேர்ந்த தாமிரம், நீரின் கார அமிலத் தன்மை சற்று மாறும்போது மெல்ல வெளிவரலாம். ஓராண்டுக்குப் பின் வாங்கி விட்ட இறால் ஒவ்வொன்றாகச் சாவதற்குக் காரணம் தேடி அலைபவர்களில் பலர், முன்பு தாமிரம் போட்டதை மறந்தவர்கள்.

இடையில் ஒரு செய்தி. கடற்பவளங்களும் கடற்குதிரைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளம் என்று ஒருவர் மலிவாகக் கொண்டுவந்தால், மருந்து பற்றிய கவலைக்கு முன் சட்டம் பற்றிய கவலை வரவேண்டும்.

வீட்டுக்குள் மறைந்திருக்கும் தாமிரம்

மருந்தே போடாத தொட்டியிலும் தாமிரம் நுழையும் வழிகள் நம் ஊரில் பல. சிகிச்சை தொடங்குமுன் இவற்றை அடைத்துவிடுங்கள். இல்லாவிடில் நீங்கள் அளந்து போடும் மருந்தின்மேல் அளக்காத மருந்தும் சேரும்.

- குடிநீருக்கென்று வாங்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் சிலவற்றில், தண்ணீரில் தாமிரம் சேர்ப்பதற்கென்றே ஒரு குப்பி பொருத்தப்பட்டிருக்கிறது. அத்தகைய இயந்திரத்தின் நீரைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. அல்லது அந்தக் குப்பிக்கு முன்னால் குழாயைப் பிரித்து எடுக்கவேண்டும்.
- செப்புக்குடத்திலும் பித்தளை அண்டாவிலும் உப்புநீரைக் கலக்கவோ வைக்கவோ வேண்டாம். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் டிரம்மே தகுந்தது.
- தோட்டத்தில் தாமிர மருந்து அடித்துவிட்டு வந்த கையைச் சோப்பிட்டு முழங்கைவரை கழுவாமல் தொட்டியில் விடவேண்டாம். மருந்தடிப்பானையோ, அதற்குப் பயன்பட்ட வாளியையோ தொட்டியருகே கொண்டுவருவது அதனினும் தவறு.
- உப்புநீர் படும் மோட்டாரிலும் குழாய் இணைப்பிலும் பித்தளைப் பாகம் இருக்கலாகாது.

சிகிச்சைத் தொட்டியை அமைத்தல்

1. 80 முதல் 100 லிட்டர் கொள்ளளவுள்ள வெறும் கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மணல், கல், சிப்பி, பாறை ஒன்றும் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள இரண்டங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போதும்.

2. காட்சித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் முன்பே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டு நல்ல பாக்டீரியாவைக் குடியேற்றி வையுங்கள். நோய் வந்தபின் தேடினால் கிடைக்காத சாதனம் இது ஒன்றே. ஒருமுறை தாமிரம் பட்டது காட்சித் தொட்டிக்குத் திரும்பக்கூடாது; ஆகையால் இரண்டாக வாங்குவது புத்திசாலித்தனம்.

3. தொட்டியின் உண்மையான நீரளவைக் கணக்கிடுங்கள். உட்புற நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கவேண்டும். 75 நீளம், 40 அகலம், 35 உயரமானால் 105 லிட்டர். கடைக்காரர் சொல்லும் “நூற்றைம்பது லிட்டர் தொட்டி” என்ற கணக்கு விளிம்புவரை நிரப்பிச் சொன்னது. அதை நம்பி மருந்தளந்தால் மிகை ஏற்படும். நீர் நிற்கவேண்டிய மட்டத்தில் வெளிப்புறம் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

4. உப்பின் அளவும் வெப்பமும் காட்சித் தொட்டியைப் போலவே இருக்கட்டும்; வெப்பம் 26-லிருந்து 28 டிகிரிக்குள். சித்திரை, வைகாசியில் நம் வீடுகளின் கூடமே இதைத் தாண்டும். தாமிரம் செவுளை வருத்தும், சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். இரண்டும் சேர்ந்தால் மீன் தாங்காது. மூடியை எடுத்துவிட்டு நீர்மட்டத்தில் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்தடைக்குப் பாட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும்.

5. தாமிரம், அம்மோனியா இரண்டுக்கும் டெஸ்ட் கிட் கையில் வந்தபின்தான் மருந்துப் புட்டியைத் திறக்கவேண்டும். கிட் வராத நிலையில் சிகிச்சையைத் தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பதே மேல்.

எந்தத் தாமிரம்

கடைகளில் கிடைப்பவை பொதுவாக மூன்று வகை. இவற்றின் சிகிச்சை அளவு வேறு வேறு.

சாதாரண துத்தக் கரைசலில் தாமிரம் எதனோடும் இறுகப் பிணையாமல் இருக்கிறது. இதற்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். அமீனோடு பிணைந்த கியூப்ரமைன் போன்றவற்றுக்கு 0.5 மில்லிகிராம். கீலேட் என்னும் வலுவான பிணைப்பில் உள்ளவற்றுக்கு, அந்தந்தப் புட்டியின் சீட்டு சொல்லுகிறபடி, 1.5 முதல் 2.5 மில்லிகிராம் வரை. துத்தக் கரைசலுக்கு இரண்டு மில்லிகிராம் என்று மாற்றி வைத்தால் மீன் அன்றிரவே இறக்கும். கீலேட் மருந்துக்கு 0.2 என்று வைத்தால் நோயுயிரி சிரித்துக்கொண்டே வாழும். ஒரு வகையைத் தொடங்கியபின் வேறு வகையைக் கலக்கலாகாது. டெஸ்ட் கிட்டும் நீங்கள் வாங்கிய வகையை அளக்கக்கூடியதா என்று சீட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். சில கிட்டுகள் பிணைந்த தாமிரத்தைக் காட்டா.

புதிதாகத் தொடங்குபவருக்கு அமீன் வகையையோ கீலேட் வகையையோதான் நான் சிபாரிசு செய்வேன். அவை கிடைக்காதபோது துத்தக் கரைசலைத் தயாரித்துக்கொள்வது இவ்வாறு: ஆய்வகத் தரமுள்ள மயில்துத்தம் 3.93 கிராமையும், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் சுமார் 2.6 கிராமையும் நகைக்கடைத் தராசுபோல் நுட்பமாகக் காட்டும் தராசில் நிறுத்து, டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துச் சரியாக ஒரு லிட்டர் ஆக்கவேண்டும். இதில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் தாமிரம். 100 லிட்டர் தொட்டிக்கு 20 மில்லிலிட்டர் ஊற்றினால் 0.20 அளவு வந்துவிடும்.

உரக்கடையில் போய், “அண்ணே, திராட்சைக்கு அடிக்கிற துத்தம் நூறு கிராம் கொடுங்க, மீனுக்குத்தான்” என்று கேட்டால் அவர் கொடுத்துவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்தத் துத்தத்தில் வேறு உலோகங்களும் ஈரமும் கலந்திருக்கும், நிறுத்த எடை நம்பத்தக்கதாயிராது. பவுடராக வரும் காப்பர் ஆக்சிகுளோரைடு இன்னும் ஆகாதது. அதில் களிமண்ணும் ஒட்டும் பொருளும் கலந்திருக்கும். ஆய்வகத் துத்தமேயானாலும் நீலநிறம் போய் வெளுத்திருந்தால் தள்ளிவிடுங்கள்: படிகத்திலிருந்த நீர் வெளியேறிவிட்டபடியால், அதே எடையில் தாமிரம் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும்.

பிரயோக முறை

கீழ்வரும் வரிசை துத்தக் கரைசலுக்கும் அமீன் வகைக்கும் பொருந்தும். கீலேட் வகைக்குப் புட்டியின் சீட்டைப் பின்பற்றுங்கள்.

1. மருந்து போடுமுன் சிகிச்சைத் தொட்டியின் நீரில் தாமிரம் சூனியமா என்று சோதியுங்கள். சூனியமில்லையாயின் தண்ணீரின் மூலத்தைத் தேடுங்கள்.
2. வடிகட்டியில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், புறஊதா விளக்கையும் ஓசோனையும் நிறுத்துங்கள். முன்னது மருந்தை உறிஞ்சும், பின்னவை பிணைப்பை உடைத்துத் தாமிரத்தைத் தளையற்றதாக்கும்.
3. மீனை விட்டு, அது உணவு எடுக்கிறதா என்று சில மணி நேரம் கவனியுங்கள். வெல்வெட் நோயாயின் இந்தக் காத்திருப்பைச் சுருக்கிக்கொள்ளலாம்.
4. முழு அளவில் பாதியை ஒரு குவளைத் தொட்டிநீரில் கலந்து, காற்றுக்குமிழி எழும் இடத்தில் சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.
5. இரண்டு மணி நேரம் சென்று அளந்து, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.
6. 48 மணி நேரத்துக்குப் பின் மறுபாதி. மறுபடி அளவு. கணக்கு சொல்லும் எண்ணுக்கும் கிட் காட்டும் எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால், கிட்டையே பிரமாணமாகக் கொள்ளுங்கள்.
7. முதல் வாரம் காலை, மாலை இருவேளையும், பிறகு தினம் ஒருமுறையும் தாமிரத்தை அளந்து, குறைந்ததை மட்டும் நிரப்புங்கள். அம்மோனியாவைத் தினமும் பாருங்கள்.
8. முழு அளவை எட்டிய நாளையே முதல் நாளாகக் கொண்டு 30 நாள் எண்ணுங்கள். நடுவில் அளவு கீழ்வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இதில் சலுகை காட்டுபவர்களே இரண்டாம் முறை சிகிச்சைக்கு வருகிறார்கள்.
9. முடிந்ததும் நீரைப் பகுதி பகுதியாக மாற்றி, புதிய கார்பனையோ தாமிரம் உறிஞ்சும் பிசினையோ போட்டு, அளவு சூனியமானபின் இரண்டு வாரம் மீனைக் கண்காணியுங்கள்.

அம்மோனியா என்னும் இரண்டாவது கண்ணி

இச்சிகிச்சையில் தாமிரத்தால் சாகும் மீன்களுக்கு ஈடாக அம்மோனியாவாலும் மீன்கள் சாகின்றன என்பதே என் கருத்து. வெறும் தொட்டியில் கழிவை உண்ணும் பாக்டீரியா குறைவு. இருப்பதையும் தாமிரம் மந்தப்படுத்துகிறது. நோயுற்ற மீன் உண்ணாமல் விட்ட உணவு அழுகுகிறது. உணவைப் பாதியாக்கி, எஞ்சியதைப் பத்து நிமிஷத்தில் உறிஞ்சி எடுங்கள். அம்மோனியா தென்பட்டால் கால்பங்கு நீரை மாற்றுங்கள். புது நீரிலும் அதே அளவு தாமிரத்தைக் கலந்தபின் ஊற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்கள் கடையில் உண்டு. அவற்றில் பல தாமிரத்தோடு வினைபுரிந்து அதை மேலும் நச்சாக்குபவை. சிகிச்சை முடியுமட்டும் அந்தப் புட்டியை அலமாரியிலேயே விடுங்கள்.

ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்வதற்கு மட்டும், தாமிரமும் உப்பும் இல்லாத வெறும் ஆர்.ஓ. நீர். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. தாமிரம் தொட்டியிலேயே தங்கிச் செறிவாகும். கோடைக்காலத்தில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டாலே அளவு மேல்வரம்பைத் தாண்டிவிடலாம். முன்பு போட்ட கோடு இதற்குத்தான்.

அபாயக் குறிகளும் உடனடி நடவடிக்கையும்

செவுள் வேகமாக அடித்தல், உணவை மறுத்தல், அடியில் சாய்ந்து கிடத்தல், சமநிலை தவறிச் சுழலுதல் ஆகியவை மிகைத் தாமிரத்தின் அறிகுறிகள். இவற்றுள் சில நோயின் அறிகுறிகளும் ஆகையால், எதையும் செய்யுமுன் அளந்து பாருங்கள். அளவு மிகையானால், அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள தாமிரமற்ற நீரால் பாதியை மாற்றி, கார்பனைப் போட்டு, காற்றை இரட்டியுங்கள். இந்த அவசரத்துக்கென்று 50 லிட்டர் உப்புநீர் எப்போதும் டிரம்மில் தயாராக இருக்கட்டும்.

திருக்கை, சுறா, விலாங்கு, மாண்டரின் மீன் ஆகியவற்றுக்குத் தாமிரம் வேண்டாம். குள்ள ஏஞ்சல் மீன்களுக்கு அளவை நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். உப்பைக் குறைக்கும் சிகிச்சையைத் தாமிரத்தோடு சேர்த்துச் செய்யக்கூடாது. உப்பு குறைந்த நீரில் தாமிரத்தின் நச்சு அதிகம். ஃபார்மலினையும் இதனோடு சேர்க்கவேண்டாம்.

உங்களுக்கும் குழந்தைகளுக்கும்

துத்தக் கரைசலின் அழகிய நீலம் குழந்தைகளை ஈர்க்கும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே வேண்டாம். “விஷம்” என்று பெரிய எழுத்தில் ஒட்டிப் பூட்டி வையுங்கள். கரைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்க முயலாமல், புட்டியையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பழைய நீரைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ பூச்செடிக்கோ ஊற்றாதீர்கள். உப்பு மல்லிகை வேரையும், தாமிரம் வாய்க்கால் நத்தையையும் கெடுக்கும். கார்பனால் தாமிரத்தை உறிஞ்சி, சூனியமானதைச் சோதித்தபின் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.

காட்சித் தொட்டி காலியாக இருக்கும் காலம்

மீன்கள் அனைத்தையும், நோயற்றதாகத் தோன்றுவது உட்பட, வெளியே எடுத்தால்தான் காட்சித் தொட்டி சுத்தமாகும். வெண்புள்ளி நோயின் கூடுகளிலிருந்து 72 நாள் சென்றும் நுண்ணுயிரிகள் வெளிவந்தது ஆய்வுகளில் பதிவாகியிருப்பதால், 76 நாள் மீனில்லாமல் விடுவது வழக்கம். வெல்வெட்டுக்கு ஆறு வாரம். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம்.

வெண்புள்ளி நோய் மட்டுமே என்பது நிச்சயமானால், தாமிரமே இல்லாமல் வேறொரு வழி உண்டு: மீனை மூன்று நாளைக்கு ஒருமுறை, அதாவது 72 மணி நேரத்துக்குள், கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த வேறொரு தொட்டிக்கு நான்கு முறை மாற்றுதல். கூடு கட்டிய உயிரிகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். நம் ஊர் வெயில் இதற்கு மிகச் சாதகம். வெல்வெட்டுக்கு இது உதவாது.

புதிய மீன் வாங்கும்போது, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களைக் கேட்டு வாங்குங்கள். 1947-ல் மண்டபம் முகாமில் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்திருக்கிறது. கடலில் பிடித்த மீனைவிட இவை நோயைச் சுமந்து வருவது குறைவு. ஆயினும் எந்த மீனையும் நேரே காட்சித் தொட்டியில் விடாமல் ஒரு மாதம் தனியே வைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டாவதாக ஒரு வெறும் தொட்டியைப் பயன்படுத்துங்கள். தாமிரம் பட்ட தொட்டி, ஸ்பாஞ்ச், வலை, குழாய்த் துண்டு எல்லாவற்றிலும் அழியாத மையால் “தாமிரம்” என்று எழுதி, அவற்றை இறாலுக்கும் பவளத்துக்கும் ஒருபோதும் எடுக்கவேண்டாம்.